மாதிரி விண்கலமும் மின்விளக்கும்

விழுப்புரத்திற் பிறந்த ப. வீரமுத்துவேல் அவர்களைத் திட்ட இயக்குநராகக் கொண்ட சந்திரயான்-3, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் தேதி சந்திரனின் தென்துருவத்தை அடுத்த நிலத்தில் மெல்ல இறங்கிற்று. அதனைச் சுமந்து சென்ற எல்.வி.எம்.3 ராக்கெட்டைப் பிளாஸ்டிக்கினால் மாதிரியாக்கி, எல்.இ.டி. விளக்குகள் பொருத்திக் கண்காட்சியில் வைக்க விழுப்புரத்து மாணவரும் திண்டிவனத்து மாணவரும் விரும்புவது இயல்பே. இது சிறுபிள்ளை விளையாட்டென்று சிலர் இகழ்வர். விளையாட்டாவதும் கல்வியாவதும் விளக்கை வைக்கும் இடத்தைப் பொறுத்தது என்பதே என் கருத்து.

அந்த ராக்கெட்டின் உயரம் 43.5 மீட்டர், 72இல் ஒரு பங்காகச் செய்யின் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆகும். அளவு பிசகாது செய்தவர் பலர், அடியிலுள்ள எல்லா எஞ்சின்களுக்கும் ஒருங்கே ஒளியேற்றிவிடுகின்றனர். உண்மையோ வேறு. தரையினின்று எழும்போது எரிபவை இருபுறத்துத் திட எரிபொருள் மோட்டார்கள் மட்டுமே. நடுவிலுள்ள இரு விகாஸ் எஞ்சின்கள் ஏறத்தாழ 108 விநாடிகள் சென்ற பின்னரே எரியத் தொடங்கும். ஆதலின் பக்க விளக்குகளுக்கு ஒரு சுவிட்சும் நடு விளக்குகளுக்கு மற்றொன்றும் வேண்டும். அந்த இரண்டாவது சுவிட்சே பாடம். அஃதில்லாத மாதிரி, பார்ப்போர்க்குப் பொய் சொல்லுகிறது.

மின்கணக்கும் அவ்வாறே. மஞ்சள் எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறத்தாழ 2 வோல்ட் வேண்டும். 9 வோல்ட் பாட்டரியில் இரண்டைத் தொடராக இணைப்பின், எஞ்சுவது 5 வோல்ட். 20 மில்லி ஆம்பியர் செல்ல 250 ஓம் மின்தடை தேவை. கடையிற் கிடைக்கும் 270 ஓம் போதுமானது. தடையின்றி இணைப்பின் விளக்குக் கெடும். வகுப்பில் மனனஞ் செய்த ஓமின் விதி இங்கே கைக்கு வருகிறது. மெல்லிய பிளாஸ்டிக்கினூடே ஒளி கசியுமாதலால், உட்புறம் முதலிற் கறுப்பும் அதன்மேல் வெள்ளையும் பூசுதல் நலம்.

"பல விளக்குகள் எரியும் மாதிரிக்கன்றோ பரிசு கிடைக்கிறது?" என மாணவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே, குறை அவர்மேலதன்று. ஆதலின் பரிசு வழங்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: "எத்தனை விளக்கு?" என்று எண்ணாதீர்கள், "இவ்விளக்கு இங்கே ஏன்?" என்று வினவுங்கள். விடை கூற வல்லவனுக்கே, அவன் மாதிரியில் இரண்டு விளக்குகளே எரியினும், முதற் பரிசு உரியதாகுக.