எந்த இடுப்பு சார்?

தமிழில் இடுப்புக்கு எல்லையே கிடையாது. புடவை செருகுகிற இடம் இடுப்பு. குழந்தையைத் தூக்கி உட்கார வைக்கிற இடம் இடுப்பு. பெல்ட் போடுகிற இடமும் இடுப்பு, உட்கார்ந்தால் மடங்குகிற இடமும் இடுப்பு. வீட்டில் பேசும்போது இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. டாக்டர் அறைக்குள் போனால்தான் இந்தத் தாராளம் நம் காலை வாரிவிடுகிறது.

'இடுப்பு வலிக்குது டாக்டர்' என்கிறோம். 'எந்த இடத்துல?' என்று பல இடங்களில் கேட்பதே இல்லை. முதுகுக்கு ஒரு ஸ்கேன், வலி மாத்திரை, ஒரு பெல்ட். முடிந்தது கதை. நாற்பது தாண்டியவர் முதுகைப் படம் எடுத்தால் ஏதாவது ஒரு டிஸ்க் பிதுங்கிக்கொண்டு இருப்பது சகஜம். வலியே இல்லாத பலருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால், ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5' என்று பார்த்துவிட்டால் நமக்கும் ஒரு திருப்தி. காசு கொடுத்ததற்கு ஒரு வியாதி கிடைத்துவிட்டதே!

நிஜக் குற்றவாளி வேறு இடத்தில் இருக்கலாம். தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து. அது சுழல்வதற்கு இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம். இதுதான் இடுப்பு மூட்டு. இது கெட்டால் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடை இடுக்கில் வரும். சில சமயம் முழங்காலில் மட்டும் வரும். இரண்டுக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால் மூளை ஏமாந்துபோகிறது. சம்மணம் போட முடியாது, கால் நகம் வெட்ட முடியாது. ஆட்டோவில் ஏறக் காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருக்கும்.

ஒருக்களித்துப் படுத்தால் பக்கவாட்டில் வலிக்கிறதா? அது பெரும்பாலும் அங்கே வந்து ஒட்டுகிற தசைநாரின் சிக்கல். முறையான உடற்பயிற்சியில் பலருக்குச் சரியாகும். பின்பக்கம் வலித்து, கரன்ட் மாதிரி காலில் இறங்கினால்தான் முதுகின் மேல் சந்தேகப்பட வேண்டும்.

இதைப் பிரித்துப் பார்க்க முதலில் மெஷின் வேண்டாம். படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, தொடையை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் மூட்டு தானே பேசும். ஒரு நிமிஷ வேலை. 'வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருக்காங்க, நேரம் எங்கே?' என்பார்கள். ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்க மட்டும் நேரம் இருக்கிறதே, அது எப்படி?

இங்கே கேட்காத கேள்விக்கு விடை தேடித்தான் ஜனங்கள் லேபிள் இல்லாத பொடிக்குப் போகிறார்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிடும். பறக்காமல் என்ன செய்யும், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருந்தால்? நிறைய ஸ்டீராய்டு உள்ளே போனால் அந்தப் பந்துக்குப் போகும் ரத்தம் தடைபட்டு எலும்பே செத்துப்போகலாம். மிதமிஞ்சிய குடியும் இதையே செய்யும். கொரோனாவில் உயிர் காக்க ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட சிலருக்கு இப்படி ஆனதை 2021-ல் மும்பை டாக்டர்கள் பதிவு செய்தார்கள். அங்கே உயிருக்காகக் கொடுத்தார்கள். பொடியில் எதற்காக? இந்த நோய் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. மூட்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். முதுகுக்கு அவசரமாக எடுப்போம். தேவைப்படுகிற இடத்தில் எடுக்க மாட்டோம்!

இதைவிடக் கொடுமை, பாட்டிகளின் இடுப்பு. பாத்ரூமில் வழுக்கி விழுகிறார். எழுந்து நிற்க முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. மூட்டை ஒட்டிய எலும்பு முறிந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் என்ன சொல்கிறோம்? 'எண்பது வயசாச்சு, ஆபரேஷன் எல்லாம் தாங்க மாட்டாங்க.'

அவர் தாங்க மாட்டாதது படுக்கையைத்தான். படுத்த படுக்கையில் நிமோனியா வரும், புண் வரும், காலில் ரத்தம் உறையும். பிரிட்டனில் இந்த முறிவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்கு அன்றோ மறுநாளோ அறுவை செய்யச் சொல்கிறது அரசு வழிகாட்டுதல். உயிரை மட்டுமல்ல, நடையையும் மீட்கத்தான் இந்த அவசரம். ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய டாக்டர் உலோகப் பந்தையும் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் பொருத்தி வெற்றி கண்டது 1962-ல். அறுபது வருஷத்துக்கு மேல் பழைய வைத்தியம். நம் அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். ஆனாலும், மகனுக்கு முறிந்தால் ஆம்புலன்ஸ், அம்மாவுக்கு முறிந்தால் எண்ணெய்க் கட்டு. இதற்குப் பெயர் வயசு இல்லை, அலட்சியம்.

தேய்ந்த மூட்டுக்கெல்லாம் உடனே கத்தி வேண்டும் என்று சொல்லவில்லை. எடையைக் குறைப்பது, பயிற்சி, ஒரு கைத்தடி. இவைதான் முதல் வைத்தியம். தடியை வலிக்கிற பக்கம் பிடிக்காதீர்கள், எதிர்க் கையில் பிடியுங்கள். மூட்டின் மேல் பாரம் குறையும். இந்தச் சின்ன விஷயத்தைக்கூட நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்கள்?

அடுத்த முறை டாக்டரிடம் 'இடுப்பு' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். ஒரு விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்காமல் பேனாவை எடுத்தால், 'பார்த்துட்டு எழுதுங்க சார்' என்று சொல்லுங்கள். ஃபீஸ் கொடுப்பது அதற்கும் சேர்த்துத்தான்.