பல் ஆடும்வரை காத்திருக்க வேண்டுமா?

போன மாதம் மாதர் கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பல் துலக்கும்போது யாருக்கெல்லாம் இரத்தம் வருகிறது என்று கேட்டோம். பாதிக்கு மேல் கை உயர்ந்தது. "அது எல்லாருக்கும் வாரதுதானே டீச்சர்" என்றார் ஓர் அக்கா. அவருக்கு நாற்பது வயது இருக்கும். கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு ஏற்கனவே இல்லை.

எல்லாருக்கும் வருவதால் அது நோய் இல்லை என்று ஆகிவிடாது. மலையில் அட்டை கடித்து இரத்தம் வந்தால் உடனே சுண்ணாம்பைத் தேடுகிறோம். வாயில் தினமும் வரும் இரத்தத்தை மட்டும் துப்பிவிட்டுப் பெரட்டுக்குப் போகிறோம். வைத்தியசாலைத் துண்டில் 'முரசு நோய்' என்று எழுதியிருப்பது இந்த ஈறு நோயைத்தான்.

இது தொடங்குவது பல்லும் ஈறும் சேரும் விளிம்பில். அங்கே கிருமிகள் பிசுபிசுப்பாகப் படிகின்றன. அன்றாடம் துலக்கி எடுக்காவிட்டால் எச்சிலோடு சேர்ந்து கல் போலக் காரையாகிவிடும். பிறகு பிரஷ்ஷால் அதை எடுக்க முடியாது. ஈறு சிவந்து வீங்கும், தொட்டால் இரத்தம் வரும். இந்தக் கட்டத்தில் கவனித்தால் ஈறு முழுதாகத் தேறிவிடும். கவனிக்காமல் விட்டால் சிலருக்குச் சீக்கிரமாகவும் சிலருக்கு மெதுவாகவும் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். பல் நீண்டது போலத் தெரியும், இடைவெளி விழும், வாய் நாறும், சீழ் வரும், கடைசியில் பல் ஆடும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது. இவ்வளவும் பெரும்பாலும் வலியில்லாமலே நடக்கிறது. அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. உலகமெங்கும் பல் வைத்தியம் படிக்கிறவர்கள் இந்த நோயைப் பற்றிப் படிக்கும்போது நம்முடைய வாய்களைப் பற்றித்தான் படிக்கிறார்கள். 1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். எல்லோரும் இளவயதினர். பல் வைத்தியம் அவர்களுக்குக் கிடைத்ததே இல்லை, பிரஷ் பிடிக்கும் பழக்கமும் இல்லை. 15 வருடங்கள் திரும்பத் திரும்ப வந்து பார்த்து, 1986இல் முடிவை வெளியிட்டார்கள். 100க்கு 8 பேருக்கு நோய் வேகமாக ஓடியது. 45 வயதில் அவர்களுக்கு ஒரு பல்லும் மிஞ்சவில்லை. 81 பேருக்கு நடுத்தரமாகப் போய், அதே வயதில் சராசரியாக 7 பற்கள் விழுந்திருந்தன. 11 பேருக்கு மட்டும் ஈறு வீக்கத்துக்கு மேல் போகவில்லை.

கவனிப்பு இல்லாவிட்டால் இந்த நோய் என்ன செய்யும் என்று உலகம் தெரிந்துகொண்டது நம் அப்பாக்கள், தாத்தாக்களின் வாயிலிருந்து. அந்த அறிவால் எங்கெங்கோ பல பேருடைய பற்கள் காப்பாற்றப்பட்டன. தோட்டத்துக்கு என்ன வந்தது என்று நாம் கேட்டால் அது தப்பில்லை.

நம் கையில் இருப்பதை முதலில் பார்ப்போம். காலையில் பீலிக்கரையில் பல் துலக்குகிறோம். இரவில் குளிருக்குப் பயந்து விட்டுவிடுகிறோம். முக்கியமானது அந்த இரவுத் துலக்கல்தான். பீலிக்குப் போக வேண்டாம். ஒரு கோப்பை வெந்நீரோடு இஸ்தோப்பில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் துலக்கினால் போதும். மென்மையான பிரஷ், புளோரைட் உள்ள பேஸ்ட். பிரஷ்ஷை ஈறு விளிம்பில் சற்றுச் சாய்த்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். சாம்பலும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும். இரத்தம் வருகிறது என்று பயந்து நிறுத்தினால் நோய் கூடும். விடாமல் துலக்கினால் தொடக்க நிலையில் ஒன்றிரண்டு வாரத்தில் இரத்தம் குறையும். ஒரே பிரஷ்ஷை வீட்டில் மூன்று பேர் மாற்றி மாற்றிப் பிடிப்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். சம்பளத்தில் எதை வாங்குவது, எதை விடுவது என்ற கஷ்டம் எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அது வேண்டாம்.

வெற்றிலை விஷயம் சொன்னால் கோபம் வரும். குளிரிலும் பசியிலும் மலையில் நிற்பவருக்கு அது ஒரு துணை என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் புகையிலை ஈறைக் கெடுக்கும், பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். ஒரேயடியாக முடியாதவர் புகையிலையையாவது முதலில் நிறுத்தட்டும். வாயில் வெள்ளைப் படையோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். பீடி, சிகரட் குடிப்பவருக்கு நோய் இருந்தும் இரத்தம் குறைவாகத் தெரியும், அதை நம்ப வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈறு சீக்கிரம் வீங்கும். கிளினிக் போகும் நாளில் வாயையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

காரையை எடுக்கப் பல் வைத்தியரிடம்தான் போக வேண்டும். அதை எடுத்தால் பல் ஆடும் என்பது வீண் பேச்சு. முன்பே ஆடத் தொடங்கிய பல்லைக் காரை மறைத்து வைத்திருக்கும், அவ்வளவுதான். அரசாங்க ஆதார வைத்தியசாலைகளில் பல் சிகிச்சை இலவசம். ஆனால் அதிகாலை பஸ், துண்டு எடுக்க வரிசை, அதற்கு மேல் அன்றைய பேர் போய்விடும். இரத்தம் வருகிறது என்பதற்காக ஒரு நாள் சம்பளத்தை யார் விடுவார்? தாங்க முடியாமல் போனபிறகு போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருகிறோம். இதை அறியாமை என்று எழுதுகிறவர்கள் ஒரு நாள் நம் செக்ரோலைப் பார்க்கட்டும்.

ஆகவே தோட்ட நிர்வாகத்திடம் சங்கம் இரண்டைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. நடமாடும் பல் சிகிச்சைப் பிரிவு வருடத்துக்கு இரண்டு முறையாவது தோட்டத்துக்கு வர நிர்வாகம் இடமும் ஒழுங்கும் செய்து தர வேண்டும். அன்று சிகிச்சைக்குப் போகிறவருக்கு முழுப் பேர் விழ வேண்டும். வெறுங்கையோடு போய்க் கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். ஆகவே இரத்தம் வருகிறவர், பல் ஆடுகிறவர், சீனி வருத்தம் உள்ளவர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு லயத்திலும் எண்ணி, அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன் தலைவர்மார் கொண்டுவாருங்கள். பெயர் எழுத வேண்டாம், தொகை போதும். கை தூக்கிய அக்காவின் லயத்தில் எண்ணிக்கை ஏற்கனவே தொடங்கிவிட்டது.