ஆவடி ஆலைகளில் நிரந்தர வேலை: எங்கள் நிலைப்பாடு

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் எஞ்சின் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், இன்னும் வேலையில் இருப்பவர்கள், அங்கே அப்ரண்டிஸ் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், அந்த ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் அம்பத்தூர், பூந்தமல்லிப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் எங்கள் சங்கம். டாங்கி கட்டும் ஆலைகளில் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பதை நாங்கள் எதிர்க்கிறோம். ஃபிட்டர், டர்னர், வெல்டர், மெஷினிஸ்ட், எக்ஸாமினர் வேலைகள் நிரந்தர வேலைகளாகவே இருக்க வேண்டும் என்கிறோம். அதற்கான காரணங்களை ஊரார் முன் வைக்கிறோம்.

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம்தான் நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டது. ஆறு வருஷம் கழித்து பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தமாகி அதே ஊருக்கு டாங்கி ஆலை வந்தது. 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா வெளியே உருண்டது. ஆலையைச் சுற்றி எச்.வி.எஃப். எஸ்டேட் வளர்ந்தது. குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, மைதானம், கோயில் என்று மதிலுக்குள் ஒரு தனித் தீவு அது. அங்குள்ள பள்ளிக்கே விஜயந்தா என்றுதான் பெயர். சங்கு ஊதினால் அடுப்பை இறக்கும் வீடுகள். அப்பா டர்னர், மகன் அப்ரண்டிஸ், மருமகன் எஞ்சின் ஃபேக்டரி என்று மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் எங்களில் உண்டு. விஜயந்தாவுக்குப் பிறகு டி-72 அஜேயா, அர்ஜுன், 2009-இல் டி-90 பீஷ்மா என்று ஒவ்வொன்றையும் முந்தையதைக் கட்டிய கைகளிடமிருந்துதான் அடுத்த கைகள் கற்றன.

2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டது. நாடு முழுவதும் இருந்த 41 தொழிற்சாலைகளும் 7 நிறுவனங்களாகப் பிரிந்தன. ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்டு ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகம் உருவானது. பக்கத்திலேயே உள்ள சீருடைத் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்னொரு நிறுவனத்துக்குப் போனது. அதுவரை மத்திய அரசு ஊழியர்களாக இருந்தவர்கள் அயல்பணியில் இருப்பதாகக் கருதப்பட்டார்கள். முதலில் இரண்டு ஆண்டு என்றார்கள். பிறகு அதை நீட்டித்தார்கள். ஒவ்வொரு நீட்டிப்பு முடியும் முன்பும், அடுத்து என்ன என்று தெரியாமல் வீடுகளில் தூக்கம் கெடுகிறது.

2025-இல் கனரக வாகனத் தொழிற்சாலை 1,850 ஜூனியர் டெக்னீஷியன் இடங்களுக்கு விளம்பரம் கொடுத்தது. அத்தனை இடங்களும் ஒப்பந்த இடங்கள். முதலில் ஓராண்டு, அதன்பின் தேவையைப் பார்த்து நீட்டிப்பு. வேலை இல்லாத ஆலை 1,850 பேரைக் கேட்காது. 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாயில் ஆர்டர் கொடுத்தது இதே ஆலைக்குத்தான். டி-72 டாங்கிகளுக்கு 1,000 குதிரைத்திறன் எஞ்சின் வாங்க 2025 மார்ச்சில் ரஷ்யாவோடு போட்ட ஒப்பந்தத்தில் தொழில்நுட்பம் கைமாற வேண்டிய இடமும் ஆவடிதான். அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கிக்கொள்ளப்போகும் கை யாருடையது? அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவருடையதா?

வெளியில் இருப்பவர்களுக்கு இது சம்பளப் பிரச்சினையாக மட்டும் தெரியலாம். ஒரு வெல்டை எடுத்துக்கொள்ளுங்கள். கவசத் தகடு கதவு கிரில்லுக்குப் போடும் இரும்பு மாதிரி கிடையாது. எலக்ட்ரோடில் துளி ஈரம் இருந்தாலும் அதிலுள்ள ஹைட்ரஜன் உலோகத்துக்குள் இறங்கிவிடும். வெல்டு வைத்த அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஒரு நாள், இரண்டு நாள் கழித்து உள்ளே விரிசல் ஓடியிருக்கும். அதனால்தான் எலக்ட்ரோடை ஓவனில் காயவைப்பதும், தகட்டை முன்கூட்டியே சூடாக்குவதும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஐப்பசி மழையில் ஷாப்புக்குள் காற்றே நனைந்திருக்கும்போது, ஓவனிலிருந்து எடுத்த எலக்ட்ரோடு எவ்வளவு நேரம் தாங்கும் என்பது புத்தகத்தை மட்டும் படித்தால் வராது. மூத்த வெல்டர் பக்கத்தில் நின்று, "இதை வெச்சுடு தம்பி, வேற எடு" என்று சொல்லித்தான் அது வரும்.

பீரங்கியின் பார்வையைச் சரிபார்க்கும் பழைய முறையும் அப்படித்தான். குழலின் வாயில் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, பின்பக்கத்திலிருந்து குழல் வழியே பார்த்து, தொலைவில் உள்ள ஒரு குறியின் முனையில் நூல்கள் வெட்டும் இடத்தைப் பொருத்த வேண்டும். பிறகு சைட்டையும் அதே முனைக்குக் கொண்டுவர வேண்டும். இன்று கருவிகள் வந்துவிட்டன. கருவி தப்பாகக் காட்டுகிறது என்று கண்டுபிடிக்க, நூலில் பார்த்துப் பழகிய கண் வேண்டும்.

ஆர்டர் ஏறும் இறங்கும், ஆளை நிரந்தரமாக வைத்துக்கொண்டு ஆர்டர் இல்லாத காலத்தில் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மார்க்-1ஏ-வுக்கு எஞ்சின் ஜெர்மனியிலிருந்து வந்தாக வேண்டும் என்பதும், அங்கே தாமதமானால் இங்கே லைன் நிற்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் ராணுவத்தில் ஓடும் டாங்கிகளைப் பிரித்து ஓவர்ஹால் செய்யும் வேலை ஆண்டு முழுவதும் இருக்கிறது. ஆர்டர் குறையும் மாதங்களில் ஆட்களை அங்கே மாற்றலாம், பயிற்சி கொடுக்கலாம். ஆளை அனுப்பிவிட்டு, ஆர்டர் வந்ததும் விளம்பரம் போட்டால் விண்ணப்பம் வரும். அனுபவம் வராது.

விஜயந்தாவை நமக்குச் சொல்லிக்கொடுத்த ஊரின் கதையே இதற்குச் சாட்சி. விக்கர்ஸ் கால்பதித்திருந்த நியூகாசிலில், ஸ்காட்ஸ்வுட் சாலையில் இருந்த டாங்கி ஆலையை மூடப்போவதாக 2012-இல் அறிவித்தார்கள். சுமார் 330 பேருக்கு வேலை போனது. பல தலைமுறைகளாகக் கவச வாகனம் கட்டிய ஆற்றங்கரை அது. நமக்கு ஆசானாக இருந்த ஊரில் இன்று கற்றுக்கொள்ளப் போனால் சொல்லித்தர அந்த ஆலை இல்லை.

நம் பக்கத்திலும் பார்த்துவிட்டோம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014 நவம்பரில் நின்றபோது, பூந்தமல்லி வழியாக ஷிப்டுக்குப் போன கம்பெனி பஸ்களும் நின்றன. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓடிய சில இடங்களில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். அதை வரவேற்கிறோம். எங்கள் பிள்ளைகளில் பலர் அங்கே போகவே ஆசைப்படுகிறார்கள். ஆனால் இரண்டு வருஷம் ஐ.டி.ஐ., அதன்மேல் அப்ரண்டிஸ் என்று இரும்போடு பழகியவருக்கு அந்த லிஃப்ட்டில் ஏற வழியில்லை.

எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு தம்பி இப்போது பைக்கில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோகிறார். பையிலிருந்து துணி சுற்றிய மைக்ரோமீட்டரை எடுத்துக் காட்டினார். அவர் அப்பாவுடையது. திரும்பச் சுற்றும் முன் ஸீரோ சரியாக இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

எனவே நாங்கள் கேட்பது இது. ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு ட்ரேட் டெஸ்ட் வைத்து, தேறியவர்களை நிரந்தரமாக்க வேண்டும். இதே ஆலைகளில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு முதலிடம் தர வேண்டும். ஒருவர் ஓய்வுபெற்ற பிறகு இடத்தை நிரப்புவதை விட்டு, ஓராண்டு முன்பே புதியவரைச் சேர்த்து அவர் பக்கத்தில் நிறுத்த வேண்டும். வாரியக் காலத்து ஊழியர்கள் ஓய்வுபெறும்வரை மத்திய அரசு ஊழியர்களாகவே இருப்பார்கள் என்று ஒரே ஆணையில் எழுதிவிட வேண்டும். சிறு பட்டறைகளுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதைக் கடைப்பிடித்தால் அம்பத்தூரில் இரண்டு லேத்தை வைத்து ஓட்டுபவரும் தன் ஆளைக் கைவிட மாட்டார். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் எத்தனை கோடி முதலீடு என்று சொல்லும் மாநில அரசு, அதில் நிரந்தர வேலை எத்தனை என்பதையும் வெளியிட வேண்டும்.

எங்கள் பங்குக்கு ஒன்றைச் சொல்கிறோம். ஓய்வுபெற்ற எங்கள் வெல்டர்களும் ஃபிட்டர்களும் வாரம் இரண்டு நாள் ஷாப்புக்கு வந்து புதியவர்களுக்குச் சொல்லித்தரத் தயாராக இருக்கிறார்கள். சம்பளம் வேண்டாம். கேட் பாஸ் கொடுத்தால் போதும்.