கூலியும் கோப்பையும்

தீபாவளிக்கு முந்திய மாதத்தில் நமது புதியம்புத்தூருக்கு இரவு என்று ஒன்று கிடையாது. சுற்றிலும் கரிசல் காடு உறங்கிக் கிடக்க, இந்த ஊரில் மட்டும் வீட்டுக்கு வீடு விளக்கு எரியும். தையல் யந்திரங்கள் விடிய விடியப் பேசிக்கொண்டேயிருக்கும். பண்டிகையன்று குழந்தைகள் உடுத்தி மகிழும் ரெடிமேட் உடுப்புக்களில் எத்தனையோ இங்கே தைத்தவைதான். அவற்றைத் தைத்தவர்களுக்கோ பண்டிகை என்பது, கடைசி மூட்டை லாரியில் ஏறிய பிறகு வருகிற தூக்கம்.

சென்ற தீபாவளியின்போது அப்படிக் கடைசி மூட்டை ஏறிய இரவில், ஒரு தையற்கூடத்தின் முதலாளி தம்மிடம் வேலை செய்தவர்களை வரிசையாக அழைத்து, ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலமும் ஒரு 'குவார்ட்டர்' பாட்டிலும் வழங்கினார். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு, "முதலாளி, இது எனக்கு வேண்டாம். இதற்கான பணத்தைக் கொடுத்தால் பிள்ளைக்கு ஏதாவது வாங்குவேன்" என்றான். பணம் கிடைக்கவில்லை. பண்டிகை கழிந்து வேலை தொடங்கியபோது அவனுக்குத் தைப்பதற்குத் துணியும் கிடைக்கவில்லை. இங்கே பீஸ் கணக்கில் கூலி. துணி வராவிட்டால் வேலை போயிற்று என்று பொருள். அதை வாயால் சொல்ல வேண்டிய சிரமம்கூட யாருக்கும் இல்லை.

இந்தப் பையன் நம்மிடம் படித்தவன். வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, "நான் செய்தது மரியாதைக் குறைவா, சார்?" என்று கேட்டான். நாம் உடனே பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

அதே வாரத்தில் இன்னொரு பழைய மாணவனும் வந்தான். முன்னவனும் இவனும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவர்கள். இவன் மேலே படித்து, டில்லிக்குப் பக்கத்தில் குருகிராமத்தில் ஒரு பெரிய கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் மேலதிகாரிகளும் ஊழியர்களும் கையில் கோப்பையுடன் கூடிப் பேசுவது அங்கே வழக்கமாம். "கட்டாயம் ஒன்றும் இல்லை, சார். ஆனால் யாருக்கு எந்தப் பொறுப்பு, யாரை வெளிநாட்டுக்கு அனுப்புவது என்பதெல்லாம் பேச்சோடு பேச்சாக அங்கேதான் முடிவாகிறது. ஆரஞ்சு ரசத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்து, உனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள்" என்றான்.

புதியம்புத்தூரில் துணி நின்றது. குருகிராமத்தில் பேச்சு நிற்கிறது. இரண்டும் ஒரே சமாசாரந்தான் என்று நமக்குத் தோன்றிற்று.

*

குருகிராமம் இருக்கும் ஹரியானா மாநிலத்தின் சர்க்கார் 2023ஆம் வருஷத்து மது வரிக் கொள்கையில் ஒரு புதுமை செய்தது. ஒரே வளாகத்தில் 5,000 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற, 1 லட்சம் சதுர அடிக்குக் குறையாத கம்பெனிக் காரியாலயங்களில், பீர், ஒயின் போன்ற வீரியம் குறைந்த பானங்களை ஊழியர்கள் அருந்தலாம் என்று அனுமதித்தது. லைசென்ஸ் கட்டணம் வருஷத்துக்கு 10 லட்சம் ரூபாய். அதாவது, ஐந்து பேர் தைக்கும் கூடத்தில் குடித்தால் அது ஒழுங்கீனம். ஐயாயிரம் பேர் கூடிய மாளிகையில் குடித்தால் அது நாகரிகம்!

இந்த நாகரிகம் புதிதா என்றால், அதுவும் இல்லை. வேலையும் குடியும் வெகு காலத்துக் கூட்டாளிகள். நம் கிராமங்களில் கடுமையான வேலைக்கு ஆள் விட்டால் கூலியோடு கள்ளுக்காசும் சேர்த்துக் கொடுப்பது ஒரு காலத்தில் சகஜமாயிருந்தது. நம்மைச் சுற்றியுள்ள பனைகளே இதற்குச் சாட்சி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை. பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிகளுக்குத் தினந்தோறும் ரம் அளந்து கொடுக்கும் வழக்கம் 1970 ஜூலை 31இல்தான் நின்றது. பீரங்கிகளும் யந்திரங்களும் நுட்பமானவையாக ஆக, அவற்றை இயக்கும் கை நடுங்கக்கூடாது என்ற ஞானம் கடற்படைக்கு உதயமாயிற்று.

அமெரிக்க தேசத்தின் ஸ்தாபகர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்லின் இளமையில், 1725ஆம் வருஷத்தையொட்டி, லண்டனில் அச்சுக்கூடத் தொழிலாளியாயிருந்தார். கூட வேலை செய்தவர்கள் விடிந்தது முதல் வேலை முடிகிற வரையில் பீர் குடித்தார்கள். ஒருவர் நாளொன்றுக்கு ஆறு பைண்ட் குடித்ததாகப் பிராங்க்லின் தம் சுயசரிதத்தில் கணக்குச் சொல்கிறார். இவர் தண்ணீர் மட்டும் குடித்தார். ஆனால் மற்றவர்கள் இரண்டு கைகளாலும் தூக்கிய ஈய அச்சுப் பாரத்தைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். 'தண்ணீர் அமெரிக்கன்' என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். பிறகு எழுத்துக் கோக்கும் அறைக்கு மாறியபோது, புதிதாய் வருகிறவன் எல்லோருக்கும் குடிக்கக் கொடுக்கவேண்டிய ஐந்து ஷில்லிங்கைக் கேட்டார்கள். முன்பே ஒரு தடவை கொடுத்தாயிற்று என்று மறுத்தார். உடனே அவருடைய எழுத்துக்கள் கலைந்தன. கோத்த பக்கங்கள் இடம் மாறின. இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரும் பணத்தைக் கட்டினார்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. தொழிலாளரிடம் செல்வாக்குப் பெற்ற பின், ஒரு பைண்ட் பீரின் விலைக்கு ஒரு பெரிய கிண்ணம் சூடான கஞ்சி கிடைக்கும் என்று அவர் காட்டிக் கொடுத்தார். பலர் காலைப் பீரை விட்டுக் கஞ்சிக்கு மாறினார்கள். கூழும் நீராகாரமும் குடித்து வளர்ந்த நமக்கு இந்தச் செய்தி சந்தோஷம் தருகிறது.

*

பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு வந்த நம் பையனுக்கு, லண்டன் அச்சுக்கூடத்தைவிட நெருங்கிய முன்னோர்கள் உண்டு. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்களே அவர்கள். அங்கே தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. காலையில் பால் வெட்டிச் சம்பாதித்த காசு மாலையில் அதே எல்லைக்குள் கள்ளாய்க் கரைந்தது. 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள்: சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, குழந்தைகளுக்குக் கல்வி, வைத்திய வசதி, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு, துரைமார் எதிரே சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை. இவற்றோடு ஒன்றாக, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும்!

குடிக்கிறவர்கள் என்று உலகம் ஏளனம் செய்த கூலிகள், கடையை மூடு என்று தாங்களே கேட்டார்கள். சைக்கிளும் கள்ளுக்கடையும் அவர்களுக்கு ஒரே கணக்கில் இருந்தன. இரண்டும் மனிதனாய் நிமிர்ந்து நடப்பது பற்றியவை. அந்த வருஷம் மே மாதத்தில் தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது; துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளர் சிலர் மாண்டனர். யுத்தம் முடிந்த பின் கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் திரண்ட தோட்டத்து இளைஞர்கள், கள்ளுக்கடைகளுக்கு எதிரே மறியல் செய்து மறுபடியும் போலீஸாரைச் சந்தித்தார்கள்.

இதற்கு நேர் எதிரான வேலைநிறுத்தமும் உண்டு. டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் பீர்க் கம்பெனி, வேலை நேரத்தில் ஊழியர்கள் பீர் குடிப்பதைப் பகல் உணவு வேளைக்கு மட்டும் என்று 2010 ஏப்ரலில் சுருக்கியது. நூற்றுக்கணக்கான தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். சிரிப்பாய்த்தான் இருக்கிறது. ஆனால் யோசித்தால் அவர்களும் ஒரு நியாயத்தைத்தான் சொன்னார்கள்: எங்களைக் கேளாமல் எங்கள் வழக்கத்தை நீங்கள் தீர்மானிக்கக் கூடாது என்றார்கள். கிள்ளானில் ஊற்றுகிறவர் எஜமானர். டென்மார்க்கில் நிறுத்துகிறவர் எஜமானர். இரண்டு இடத்திலும் கேட்கப்படாதவன் தொழிலாளி.

நம் மாகாணத்தின் சட்டங்கள் திறந்தும் மூடியும் களைத்துவிட்டன. ராஜாஜி மந்திரிசபை 1937 அக்டோபர் 1இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று, 1948 அக்டோபர் 2இல் அது மாகாணம் முழுவதும் பரவிற்று, 1971இல் தளர்ந்தது, பிறகு மூடித் திறந்து, 2003 முதல் சர்க்கார் ஸ்தாபனமான டாஸ்மாக்கே சில்லறைக் கடைகளை நடத்தி வருகிறது. தெருமுனைக் கடை இருக்கலாமா என்ற பெரிய வழக்கை இந்தப் பக்கத்தில் நாம் தீர்க்கப் போவதில்லை. நம்முடைய கேள்வி சிறியது: கூலி கொடுக்கும் கையே கோப்பையையும் நீட்டலாமா?

நீட்டுகிற கைக்கும் வாங்குகிற கைக்கும் நடுவே சமத்துவம் இல்லாதபோது, 'கட்டாயம் இல்லை' என்ற வார்த்தைக்கு அர்த்தம் இல்லை என்பதே நம் அபிப்பிராயம்.

*

இனி நம்முடைய சொந்தக் கணக்குக்கு வருகிறோம்.

பல வருஷங்களுக்கு முன் நாம் வேலை பார்த்த ஒரு பள்ளியில், கணக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவரைப்போல் வடிவகணிதம் சொல்லிக் கொடுப்பவரை நாம் அதன்பின் கண்டதில்லை. பகல் மணி அடித்த பிறகு அவரிடம் வாடை அடிக்கும். சில நாட்களில் மேஜைமேல் தலையைச் சாய்த்துவிடுவார். "தலைவலி போலிருக்கிறது" என்று சொல்லி அவர் வகுப்பை நாம் எடுப்போம். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தலைவலி என்றே சொன்னோம். அதைப் பெருந்தன்மை என்றும் எண்ணிக்கொண்டோம்.

அதே பள்ளியில் இரவுக் காவற்காரர் ஒருநாள் குடித்துவிட்டு வந்தார். மறுநாளே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பிள்ளைகள் படிக்கிற இடம், சரியான காரியம் என்று நாமும் சொன்னோம்.

ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. கணக்கு ஆசிரியர் ஈரல் கெட்டுக் காலமானார். துக்கம் கேட்கச் சென்றபோது அவர் மனைவி நம்மைப் பார்த்து, "உங்கள் எல்லோருக்கும் தெரிந்துதானே இருந்தது? ஒருவராவது அவரிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?" என்று கேட்டார். அன்று நமக்குப் பதில் இல்லை. தையற்காரப் பையன் "மரியாதைக் குறைவா?" என்று கேட்டபோது நாம் தயங்கியது இதனால்தான். மரியாதை என்ற பெயரால் நாம் என்ன செய்திருந்தோம் என்பது நினைவுக்கு வந்துவிட்டது.

காவற்காரருக்குத் தண்டனை, பட்டதாரிக்குத் தலைவலி. பஸ் ஓட்டுகிறவருடைய வாயில் கருவியை வைத்து ஊதச் சொல்கிறோம். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் தண்டிக்கிறது. அது மிகவும் சரி. ஐயாயிரம் பேருடைய பிழைப்பை ஓட்டுகிறவரை மட்டும் ஊதச் சொல்ல நமக்குக் கூச்சமாயிருக்கிறது.

நல்ல வேளையாக, இக்காலத்தில் நோய் என்ற எண்ணம் வந்திருக்கிறது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1996இல் வெளியிட்ட நடைமுறை விதிகள், குடிப் பழக்கத்தால் அவதிப்படுகிறவரை மற்ற நோயாளிகளைப் போலவே நடத்தவேண்டும் என்றும், வேலை ஸ்தலத்தின் விதி அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்றும் கூறுகின்றன. சென்னையில் ஸ்ரீமதி சாந்தி ரங்கநாதன், குடிநோயால் கணவரை இழந்த துக்கத்தைத் தொண்டாக மாற்றி 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி ஸ்தாபனம், குடிநோய்க்குச் சிகிச்சை அளித்து வருகிறது. நம் கணக்கு ஆசிரியர் காலத்திலேயே அது இருந்தது. சென்னைக்கு ரயில் இருந்தது. "வாருங்கள், நானும் கூட வருகிறேன்" என்று சொல்லும் நாக்குத்தான் இல்லை.

ஆகவே வேலை ஸ்தலத்துக்கு நாம் கேட்பவை இரண்டே. வேண்டாம் என்கிறவனுக்கு நஷ்டம் வரக்கூடாது. விடமுடியாமல் தவிக்கிறவனுக்கு, திரும்பி வர ஒரு வழி இருக்கவேண்டும்.

*

தையற்கூடத்து முதலாளியைப் போய்ப் பார்த்தோம். கெட்ட மனிதர் அல்ல. "அண்ணாச்சி, பிரியத்துக்குக் கொடுத்தது. நாலு பேர் முன்னால் வேண்டாம் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?" என்றார்.

"பிரியமாயிருந்தால், வேண்டாம் என்றதும் அதோடு முடிந்திருக்குமே. துணி எதற்கு நின்றது?" என்றோம்.

அவர் வெகு நேரம் கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "வருகிற தீபாவளிக்குக் கவரில் பணமாய்க் கொடுத்துவிடலாம்" என்று கடைசியில் சொன்னார். பையனைத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லவில்லை. அவன் இப்போது வேறொரு கூடத்தில், பீஸுக்குச் சற்றுக் குறைந்த கூலிக்குத் தைக்கிறான். அவன் செய்தது மரியாதைக் குறைவு அல்ல என்று, கொஞ்சம் தாமதமாகவேனும், நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்.

குருகிராமத்து மாணவன் ஊருக்குக் கிளம்புமுன் விடைபெற வந்தான். பெஞ்சித் தோழனுடைய கதையைச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நாளைக்குத் துணி கிடைக்காது என்று தெரிந்தே சொல்லியிருக்கிறான், சார். எனக்கு அந்தப் பயம்கூட இல்லை, வெறும் கூச்சந்தான்" என்றான்.

வாசல்வரையில் போனவன் திரும்பி வந்து, அந்தத் தையற்கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனான்.