வரைபடத்தில் யாருடைய ஏரி?

என் முனைவர் பட்ட ஆய்வுக்காக, வடமாவட்டக் கிராமம் ஒன்றின் ஏரி வரைபடத்தை ஊர்ச் சாவடியில் விரித்து வைத்தேன். 'உங்களுக்கு முக்கியமான இடங்களில் வண்ணப் பொட்டு ஒட்டுங்கள்' என்றேன். ஒரு மணி நேரத்தில் வரைபடம் நிறைந்துவிட்டது. ஆலமரத்துக்கு அழகு, கரைக்கோயிலுக்கு ஆன்மிகம், படித்துறைக்குச் சிறுவயது நினைவு. மறுநாள் அதே வரைபடத்தின் வெற்றுப் படியைச் சேரிக்கு எடுத்துப்போனேன். வெகுநேரம் உற்றுப் பார்த்த பாட்டி ஒருவர், "அந்தப் படித்துறைல நாங்க எறங்கினதே இல்லையே கண்ணு, அங்க எந்தக் கலர ஒட்டுறது?" என்று கேட்டார்.

அவருக்குத் தர என்னிடம் நிறம் இல்லை.

இந்த ஆய்வுமுறை 1990களின் இறுதியில் அலாஸ்காவின் சுகாச் தேசியக் காட்டுக்கான திட்டமிடலில் பயன்படுத்தப்பட்டு, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. அழகு, பொழுதுபோக்கு, வாழ்வாதாரம், வரலாறு, ஆன்மிகம், பல்லுயிர் என மதிப்புகளை வகைப்படுத்தி, மக்களையே குறிக்கச் சொல்வார்கள். பொட்டுகள் குவியும் இடம் மதிப்புமிக்க இடம். நிபுணர்கள் மட்டுமே முடிவெடுத்த இடத்தில் மக்களின் குரலைக் கொண்டுவந்தது இதன் சிறப்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பொட்டு இல்லாத இடத்தை இந்த முறை எப்படி வாசிக்கிறது? 'இவர்களுக்கு இங்கே பற்று இல்லை' என்று. அனுமதி இல்லை என்பது, ஆர்வம் இல்லை என்று பதிவாகிறது.

மகாத் நமக்குச் சொல்வதும் இதுதான். அந்த நகராட்சி தன் பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக 1924இல் தீர்மானம் போட்டது. ஆவணப்படி சவுதார் குளம் பொதுக்குளம். ஆனால் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு போய்த்தான் அதில் தண்ணீர் அருந்த வேண்டியிருந்தது. அதற்காக அவர்கள் தாக்கப்பட்டார்கள். குளத்துக்குத் 'தீட்டுக்கழிப்பு' நடந்தது. உரிமையை உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய 1937 ஆனது. 1926இல் அந்தக் குளத்துக்கு ஒரு மதிப்பு வரைபடம் வரைந்திருந்தால், தலித்துகளின் பொட்டு ஒன்றாவது அதில் விழுந்திருக்குமா?

இன்னொன்றையும் பாருங்கள். தமிழ்நாட்டின் பல ஊர்களில் மதகைத் திறந்து மூடி, வயல்களுக்குத் தண்ணீரைப் பிரித்துவிடும் நீர்க்கட்டி வேலையைத் தலைமுறைகளாகச் செய்தவர்கள் தலித்துகள். எந்த மடையில் எவ்வளவு நேரம் தண்ணீர் ஓட வேண்டும், கரை எங்கே பலவீனம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஏரியைக் காத்தவர்களின் அறிவு 'ஊழியம்' ஆகிறது. கரையில் காற்று வாங்கியவர்களின் ரசனை 'பண்பாட்டு மதிப்பு' ஆகிறது.

'சுற்றுச்சூழல் விவகாரத்தில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நாம் இழுத்து வரவில்லை. அது படித்துறையிலேயே உட்கார்ந்திருக்கிறது. நாளை ஏரியை அழகுபடுத்தவோ பல்லுயிர்ப் பதிவேடு எழுதவோ வருகிறவர்கள் இப்படியொரு வரைபடத்தைக் கையில் எடுத்தால், பூங்காவும் நடைபாதையும் பொட்டு குவிந்த பக்கம் வரும். குப்பைக்கிடங்கு வெற்றிடத்துக்கு, அதாவது சேரிப் பக்கம் வரும்.

இதற்காக மதிப்புகளைப் பேசுவதையே கைவிட வேண்டியதில்லை. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டாமென்று 2013இல் 12 கிராம சபைகளும் ஒருமித்து மறுத்தன. அந்த மலை தங்களுக்கு என்னவென்று டோங்ரியா கோந்த் மக்கள் தங்கள் சொற்களிலேயே சபையில் சொன்னார்கள். யாரோ தயாரித்த வகைப்பட்டியலில் இருந்து அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

எனவே நம் கோரிக்கைகள் எளியவை. கூட்டத்தைச் சாவடியில் மட்டும் நடத்தாதீர்கள்; சேரியில் நடத்துங்கள், பெண்களோடு தனியாகவும் நடத்துங்கள். ஊர் வரைபடத்தையும் சேரி வரைபடத்தையும் கூட்டிச் சராசரி எடுக்காமல் அருகருகே வையுங்கள். 'எது பிடிக்கும்' என்பதோடு 'எங்கே போக முடியாது, யார் தடுத்தார்கள்' என்றும் கேளுங்கள்.

அடுத்த முறை நான் ஏழாவதாக ஒரு நிறத்தையும் கொண்டுபோனேன்: 'எங்களை விடாத இடம்'. பாட்டி அதைப் படித்துறையில் ஒட்டினார். பிறகு வாழ்வாதாரத்தின் பச்சைப் பொட்டை எடுத்து, மதகின் மேல் வைத்து அழுத்தினார். அவர் கணவர் நீர்க்கட்டியாக இருந்தவராம்.