யார் எதைச் செய்வது?

இடம்பெயர்ந்தோர் குடியிருப்புகளுக்குப் போதை ஒழிப்பென்று வருவோருக்குக் குறைவில்லை. பொலிஸார் வருகிறார்கள், சுகாதாரப் பகுதியினர் வருகிறார்கள், பாடசாலை ஊர்வலம் நடத்துகிறது, நிறுவனங்கள் பதாகை கட்டிக் கருத்தரங்கு வைக்கின்றன. தவக்காலம் வந்தால் நாமும் பிரசங்கம் செய்கிறோம். எல்லோரும் சொல்வது, குடி குடியைக் கெடுக்கும் என்பதே. குடிப்பவரின் மனைவிக்கு இதை எவரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 'இவர் விடப் பார்க்கிறார், எங்கே கூட்டிக்கொண்டு போவது?' என்பதே அவர் கேட்பது. அப்போதுதான் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள்.

நாட்டளவில் ஏற்பாடுகள் இல்லாமலில்லை. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரம் ஆகியவற்றுக்கென ஓர் அதிகாரசபையை உண்டாக்கி, 21 வயதுக்குக் குறைந்தோருக்கு இவற்றை விற்பதையும் தடை செய்தது. ஆனால் கொழும்பில் எழுதிய வேலைப் பங்கீடு எமது ஒழுங்கைகளுக்கு வந்து சேர்வதில்லை.

முதலில் எமது வீட்டைப் பார்ப்போம். நெடுங்காலம் நாள்தோறும் கடுமையாகக் குடித்த ஒருவரைச் செபத்துக்கென்று கூட்டிவந்து, ஒரே நாளில் நிறுத்தச் செய்வது நல்ல எண்ணந்தான். ஆனால் அப்படித் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, புத்தி மாறாட்டம் வரலாம், உயிரே போகலாம். அந்நாட்கள் வைத்தியருக்குரியவை. உபதேசியாரின் வேலை, அவரை உளநலப் பிரிவுள்ள வைத்தியசாலைக்குத் துணையாக அழைத்துப் போவதும், திரும்பி வந்தபின் கிழமைதோறும் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும். இந்த இரண்டாவது வேலையை வைத்தியசாலை செய்ய இயலாது, நாம் செய்யலாம். மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டால் வாசலை மூடாமலிருப்பதும் அதில் அடங்கும்.

அடுத்தது கசிப்பு. காணியை இழந்து, கூலி வேலையும் கிடையாத வீடுகளில் பெண்களே கோடா போடுவதுண்டு. பொலிஸார் பிடித்து, நீதிமன்றம் தண்டப்பணம் விதிக்கிறது. அந்தக் காசுக்கு அவள் வட்டிக்குக் கடன் வாங்கி, கடனை அடைக்க மறுபடி அடுப்பை மூட்டுகிறாள். பிடிப்பது பொலிஸாரின் கடமை, அதைக் குறைகூறவில்லை. ஆனால் பிடித்த மறுநாளே மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ எம்மைப் போன்ற நிறுவனமோ ஒரு சோடி ஆடோ சிறு சுழற்சிக் கடனோ கொண்டு அந்த வாசலுக்குப் போகாவிட்டால், பிடித்தது வீண். பொலிஸாரும் நாமும் தனித்தனியே நடப்பதில் இலாபம் பெறுபவன் மூலப்பொருள் கொடுத்துவிடும் முதலாளி மட்டுமே. (அவன் பெயர் எந்தக் கருத்தரங்கிலும் வருவதில்லை.)

ஒன்றாக வேலை செய்வதென்றால் எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்வதென்று பொருளல்ல. சிகிச்சைக்கு வந்தவரின் பெயர் பொலிஸாரின் கைக்குப் போகுமென்ற பயம் வந்தால், அடுத்தவர் வரமாட்டார். விற்பவனைப் பற்றி முறையிட்டவரின் பெயர் வெளிவந்தாலோ, வேலியில்லாத குடியிருப்பில் அவர் எங்கே ஒளிவது? விற்பனை பற்றிய தகவல் பொலிஸாருக்கும் மதுவரித் திணைக்களத்துக்கும் போகட்டும். நோயாளியின் கதை வைத்தியரோடு நிற்கட்டும்.

பிரதேச செயலாளர் கூட்டும் ஒரு கூட்டத்தில் இதைப் பேசித் தீர்க்கலாம். கிராம அலுவலர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதிபர், பொலிஸ், மதகுருமார் எல்லோரும் வரட்டும். குடியிருப்பின் சார்பில் இரண்டு பெண்களாவது இருக்கவேண்டும். அவர்களில்லாத கூட்டத்துக்கு நாம் போவதில் அர்த்தமில்லை. எந்தத் தேவைக்கு யாரிடம் போவது என்று ஒரு தாளில் எழுதி, தண்ணீர்க் குழாயடியிலும் சனசமூக நிலையத்திலும் ஒட்டினால் போதும்.

காலபோக அறுவடை முடிந்து கூலிக்காசு கைக்கு வருவது மாசி, பங்குனியில். விற்பவர்களும் அதைக் கணக்கிட்டே சரக்கு இறக்குகிறார்கள். கூட்டம் மார்கழிக்குள் நடக்கவேண்டும்.