அச்சத்தைச் சாட்டையால் அடிப்பவர்கள்

'துணிந்தவனுக்குத் தோல்வி இல்லை' என்று தொடங்கும் அறிவுரைகளைக் கேட்டுக் கேட்டுச் செவி புளித்துவிட்டது. பேச்சுப் போட்டி மேடையில் நா உலர்ந்து நின்ற பிள்ளைக்கும் இதே மருந்துதான்; குதிரையேற்றப் போட்டியில் தோற்றவருக்கும் இதே மருந்துதான். நோய் என்னவென்று பார்ப்பவர் மட்டும் ஒருவரும் இல்லை.

என் பழைய மாணவி ஒருத்தி, அலுவலகக் கணக்கராகப் பணிபுரிபவள், வார இறுதிகளில் குதிரையேற்றம் பயில்கிறாள். (நம் பெண்ணுக்கு எதற்குக் குதிரை என்று கேட்கும் பெரியவர்களுக்குத் தனிப் பதிவு எழுத வேண்டும்.) சிறிய போட்டி ஒன்றில் அவளுடைய குதிரை தடையின் முன்னே இரண்டு முறை நின்றுவிட்டது. மணி அடித்தார்கள், வெளியேறினாள். அன்று முதல் அங்கவடியில் கால் வைக்கும்போதே கை நடுங்குகிறதாம். பயிற்றுநர் சொன்ன மருந்து: "உன் பயம்தான் குதிரையைக் கெடுக்கிறது. பயப்படாதே!"

இந்த வாக்கியத்தின் முற்பகுதி உண்மை. பிற்பகுதி வெற்றுக் கூச்சல். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்றில், குதிரையை ஓட்டியும் நடத்தியும் சென்றவர்களை ஒரே பாதையில் நான்கு முறை போகச் செய்தனர். நான்காம் முறைக்கு முன்னர், வழியில் ஒரு குடை திடீரென விரிக்கப்படும் என்று கூறினர். குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் மனிதரின் இதயத்துடிப்பும் கூடியது. குடையைப் பற்றி ஏதுமறியாத குதிரையின் இதயத்துடிப்பும் கூடியது. ஒரே ஒரு சொல் இரண்டு இதயங்களைப் படபடக்க வைக்குமானால், வேலியோரம் நின்று கத்தும் பயிற்றுநரின் சொல் என்னதான் செய்யாது?

தோக்கியோவைப் பாருங்கள். 2021 ஆகஸ்டு 6ஆம் நாள், மகளிர் நவீன ஐந்திறப் போட்டி. நீச்சலும் வாட்போரும் முடிந்த நிலையில் செருமனியின் அன்னிகா சுலோய் முதலிடத்தில் இருந்தார். அடுத்தது குதிரை. அந்தப் போட்டியில் சொந்தக் குதிரை கிடையாது. குலுக்கலில் கிடைக்கும் குதிரையோடு 20 நிமிடம் பழகிவிட்டுக் களம் இறங்க வேண்டும். அவருக்குக் கிடைத்த 'செயிண்ட் பாய்' அன்றே வேறொரு வீராங்கனையிடமும் தடை தாண்ட மறுத்திருந்தது. சுலோய் கண்ணீர் வடித்தார். பயிற்றுநர் கிம் ரைசுனர் நன்றாக அடி என்று குரல் கொடுத்ததோடு, வேலிக்கு அப்பாலிருந்து குதிரையைக் கையால் குத்தவும் செய்தார், போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டார். முதலிடம் 31ஆம் இடமாயிற்று. உலகமோ அழுத பெண்ணை இணையத்தில் வசைபாடித் தீர்த்தது. முன்பின் அறியாத இரண்டு உயிர்களை 20 நிமிடத்தில் இணைத்துவிடலாம் என்று விதி வகுத்தவர்களை எத்தனை பேர் ஏசினார்கள்? அந்த விளையாட்டிலிருந்து குதிரையையே நீக்குவது என்று பின்னர் முடிவு செய்தனர். 2024 பாரிசு ஒலிம்பிக்கே அதற்குக் கடைசி.

அஞ்சியவர் உடல் என்ன செய்யும்? தோள் முன்னே குனியும், முழங்கால் இறுகும், கை கடிவாளத்தைச் சுருக்கிப் பிடிக்கும். கால் 'போ' என்கிறது, கை 'நில்' என்கிறது. எந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிவது என்று தெரியாத குதிரை நின்றுவிடுகிறது. அதை முரட்டுத்தனம் என்கிறோம்! இதற்கு மருந்து வீரவசனம் அன்று. மூச்சை நீள வெளிவிடுவது. தடையைப் பாராமல் அதற்கு அப்பால் பார்ப்பது. கடிவாளத்தில் தொங்காமல் குதிரையின் கழுத்துப் பட்டையைப் பற்றிக்கொள்வது. வேண்டுமானால் தரையில் கிடத்திய கழியைத் தாண்டுவதிலிருந்து மீண்டும் தொடங்குவது. இவை பயிற்றுவிக்கக்கூடியவை. 'பயப்படாதே' என்பதை எவரும் பயிற்றுவிக்க முடியாது.

அஞ்சுவதே இழிவு என்போருக்கு ஒன்று சொல்வேன். அஞ்சத்தக்கதற்கு அஞ்ச வேண்டும் என்னும் கருத்தை வள்ளுவர் 'அறிவுடைமை' அதிகாரத்தில் வைத்தார். வீரம் பேசும் 'படைச் செருக்கு' இருக்க, இதை அறிவின் பக்கம் சேர்த்தார். அரை டன் எடையுள்ள விலங்கின் முதுகில் ஏறி மரத்தடையை நோக்கிப் பாய்கையில் நெஞ்சு படபடப்பது, மூளை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கே அடையாளம்.

தோல்வியின் வருத்தத்தையும் உடனே துடைத்தெறியச் சொல்கிறார்கள். ஏன்? ஆறு மாத வார இறுதிகளை ஒரு மணியோசையில் இழந்தவள் ஒரு வாரம் வருந்தக் கூடாதா?

அந்த மாணவி இப்போது வேறொரு பயிற்றுநரிடம், முன்னதைவிடத் தாழ்ந்த தடைகள் உள்ள பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறாள். "கீழே இறங்கிவிட்டாயே" என்கின்றனராம் சுற்றியிருப்போர். அவர்களுள் ஒருவர்கூட இதுவரை குதிரைமேல் அமர்ந்ததில்லை என்பதையும் அவளே எழுதியிருந்தாள்.